அத்தியாயம் 4: வினாத்தாளில் தொடங்கும் தணிக்கை

ஐக்யூஏசி எனும் உள் தர உறுதிப் பிரிவின் ஒருங்கிணைப்பாளர் பொறுப்பு உங்கள் கைக்கு வரும்போது கூடவே ஒரு பீரோ சாவியும் வரும். திறந்தால் ஏழு அடுக்குகளாகக் கோப்புகள் இருக்கும், கல்லூரிகளுக்குத் தரச்சான்று வழங்கும் நாக் அமைப்பின் ஏழு அளவுகோல்களுக்கும் அளவுகோலுக்கு ஓர் அடுக்கு. புகைப்படங்கள், வருகைப் பட்டியல்கள், செய்தித்தாள் நறுக்குகள், கருத்தரங்க அழைப்பிதழ்கள். சென்ற முறை நாக் குழு வந்தபோது உங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் மாதக்கணக்கில் கண்விழித்துச் சேர்த்தவை அவை. அந்த உழைப்பை மதியுங்கள். ஆனால் முதல் வாரம் அந்தப் பீரோவைத் திறக்க வேண்டாம்.

நேரே தேர்வுப் பிரிவுக்குப் போங்கள். முதல்வரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு, ஏதாவது ஒரு துறையில் ஏதாவது ஒரு பாடத்தின் கடந்த மூன்று ஆண்டு வினாத்தாள்களைக் கேட்டு வாங்குங்கள். அரியர் தேர்வுகளையும் சேர்த்தால் ஆறு தாள் வரை கிடைக்கும். கற்பித்தலின் தரத்தைப் பார்க்க விரும்புகிறவருக்கு இதைவிட நல்ல வாசல் இல்லை என்பது பல ஆண்டுகள் இந்தப் பொறுப்பில் இருந்து நான் கண்டது. பாடத்திட்டத்தில் 'பகுத்தாராயும் திறன் வளரும்' என்று எழுதிவிடலாம். ஆண்டறிக்கையில் 'மாணவர் மையக் கற்பித்தல்' என்று எழுதிவிடலாம். வினாத்தாளை யாரும் பார்வையாளருக்காக எழுதுவதில்லை. எதை நடத்தினோம், எதை அவசரத்தில் விட்டோம், மாணவரால் எவ்வளவு முடியும் என்று நம்புகிறோம் என்பதெல்லாம் அதில் தானாகவே பதிந்துவிடுகிறது.

தன்னாட்சிக் கல்லூரி என்றால் தாள் உங்களுடையது. இணைவுக் கல்லூரி என்றால் பல்கலைக்கழகம் அனுப்பும் தாளை நீங்கள் மாற்ற முடியாது. அங்கே சிஐஏ எனும் தொடர் அக மதிப்பீட்டுத் தேர்வுத் தாள்களை எடுத்துக்கொள்ளுங்கள். இன்னும் சொல்லப்போனால் அவை கூடுதலாகவே பேசும், ஏனென்றால் வகுப்பு எடுத்தவரே அவற்றை எழுதியிருப்பார்.

ஆறு தாள், ஒரு பிற்பகல்

துறையின் ஆசிரியர் இருவரோடு உட்காருங்கள். ஒருவர் அந்தப் பாடத்தை நடத்துபவர், மற்றவர் நடத்தாதவர். துறைத் தலைவர் இந்த அமர்வில் இல்லாமலிருப்பது நல்லது. அவர் இருந்தால் இளையவர்கள் பேசமாட்டார்கள்.

முதலில் தாளின் கட்டமைப்பைப் பாருங்கள். நம் பக்கத்துப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் 75 மதிப்பெண் தாளின் வடிவம் நெடுங்காலமாகப் பழகியது. ஏ பகுதியில் அலகுக்கு இரண்டாக, இரண்டு மதிப்பெண் வினாக்கள் பத்து. பி பகுதியில் அலகுக்கு ஒன்றாக, 'அல்லது' போட்ட ஐந்து மதிப்பெண் வினாக்கள் ஐந்து. சி பகுதியில் அலகுக்கு ஒன்றாக ஐந்து பெருவினாக்கள், அவற்றில் ஏதேனும் மூன்றுக்கு விடை, ஒவ்வொன்றும் பத்து மதிப்பெண். இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். ஒரு மாணவி இரண்டே இரண்டு அலகுகளை நன்றாகப் படித்துவிட்டு, மீதி மூன்றைத் தொடவே இல்லை என்று வையுங்கள். ஏ பகுதியில் 8, பி பகுதியில் 10, சி பகுதியில் 20. ஆக 38. இளநிலைப் பட்டத்துக்கு 40 சதவீதம் தேர்ச்சி என்றால் 75-க்கு 30 போதும். ஐந்து அலகுப் பாடத்தில் இரண்டு அலகு படித்தவர் தாராளமாகத் தேறிவிடுகிறார். மூன்று அலகு படித்தால் 57, அதாவது 76 சதவீதம்.

இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டியபோது பல துறைகளில் சற்று நேரம் யாரும் பேசவில்லை. இதில் எந்த ஆசிரியர் மீதும் குற்றமில்லை. மாணவருக்குத் தெரிவு வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் வந்த வடிவம் இது. ஆனால் 'இந்தப் பாடத்தை முடித்த மாணவருக்கு இன்னின்ன தெரியும்' என்று நாம் எழுதித் தரும் கற்றல் விளைவுகள் ஐந்து அலகையும் நம்பித்தான் எழுதப்படுகின்றன. அந்த வாக்குறுதிக்கும் தாளுக்கும் இடையில் இவ்வளவு இடைவெளி இருப்பதைப் போர்டு ஆஃப் ஸ்டடீஸ் கூட்டத்தில் வைக்க வேண்டியது உங்கள் வேலை. தீர்வுகள் உண்டு. சி பகுதியில் ஒரு வினாவைக் கட்டாயமாக்கி அதை இரண்டு அலகுகளை இணைக்கும் வினாவாக வைக்கலாம். 'ஐந்தில் மூன்று' என்பதை மாற்றி, அலகுக்குள்ளேயே 'இதுவா அதுவா' என்று தெரிவு கொடுக்கலாம். துறைக்குத் துறை விடை வேறுபடும்.

அடுத்தது வினாவின் தன்மை. 1956-ல் பெஞ்சமின் புளூமும் அவருடைய குழுவினரும் வகுத்து, 2001-ல் ஆண்டர்சனும் கிராத்வோலும் திருத்திய ஆறு படிநிலைகளை இப்போது எல்லாக் கல்லூரிகளும் அறியும்: நினைவுகூர்தல், புரிதல், பயன்படுத்தல், பகுத்தல், மதிப்பிடல், படைத்தல். வினாத்தாளின் ஓரத்தில் கே1, கே2 என்று போடுவதும் வழக்கமாகிவிட்டது. இங்கேதான் ஏமாந்துவிடக் கூடாது. 'பணவீக்கத்தின் வகைகளை விளக்குக' என்பதை 'பணவீக்கத்தின் வகைகளைப் பகுத்தாராய்க' என்று மாற்றி ஓரத்தில் கே4 என்று எழுதினால் படிநிலை உயராது. இரண்டுக்கும் மாணவர் எழுதப்போவது ஒரே கைடின் ஒரே பக்கம். ஓர் அட்டவணையில் ஐந்து ஆண்டு அரிசி, மண்ணெண்ணெய், பேருந்துக் கட்டண விலைகளைக் கொடுத்து, தினக்கூலிக் குடும்பம் ஒன்றுக்கும் மாதச் சம்பளக் குடும்பம் ஒன்றுக்கும் இந்த உயர்வு ஒரே மாதிரி வலிக்குமா என்று கேளுங்கள். அதற்குக் கைடில் பக்கம் இருக்காது. பயன்படுத்துவதும் பகுப்பதும் அப்போதுதான் நடக்கும்.

ஒரு வினாவின் உண்மையான படிநிலையை அறிய நான் கடைப்பிடித்த சோதனை எளிது. மாணவர் இதை வீட்டில் மனப்பாடம் செய்து வந்திருக்க முடியுமா? முடியும் என்றால் அது நினைவுகூர்தல். வினைச்சொல் எதுவாக இருந்தாலும் சரி. நினைவுகூரும் வினாக்களே கூடாது என்று நான் சொல்லவில்லை. வேதியியலில் அணு எண் தெரியாதவர் எதைப் பகுப்பார்? 75-ல் எத்தனை மதிப்பெண் அப்படிப் போகிறது என்று எண்ணிப் பார்த்து, அந்த எண்ணிக்கை துறைக்கு நிறைவு தருகிறதா என்று கேட்கச் சொல்கிறேன்.

விடைத்தாளும் அக மதிப்பெண்ணும்

இரண்டாம் கட்டமாகப் பத்து விடைத்தாள்களை எடுங்கள். பதிவெண்ணையும் போட்ட மதிப்பெண்ணையும் மறைத்து நகலெடுத்து, அதே பாடம் தெரிந்த வேறொருவரிடம் திருத்தக் கொடுங்கள். இரு மதிப்பெண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சில தாள்களில் இரண்டு மூன்று மதிப்பெண் வித்தியாசம் வரும். அது இயல்பு. பெருவினா ஒன்றில் ஒருவர் 9-ம் இன்னொருவர் 4-ம் போட்டிருந்தால், விடைக்குறிப்பு என்று நாம் வைத்திருப்பது வெறும் தலைப்புகளின் பட்டியல் என்று பொருள். 'முன்னுரை 2, விளக்கம் 6, முடிவுரை 2' என்று எழுதிவைப்பது விடைக்குறிப்பு ஆகாது. 9 மதிப்பெண் விடை எப்படி இருக்கும், 5 மதிப்பெண் விடையில் என்ன குறையும் என்று இரண்டு வரி எழுதிவைத்தாலே திருத்துபவர்களுக்குள் இடைவெளி குறைகிறது.

அக மதிப்பெண் 25 பற்றிப் பேசக் கொஞ்சம் துணிவு வேண்டும். ஒரு வகுப்பின் அக மதிப்பெண் சராசரியையும் எழுத்துத் தேர்வுச் சராசரியையும் சதவீதமாக்கி ஒப்பிடுங்கள். அகத்தில் 90 சதவீதமும் புறத்தில் 45 சதவீதமும் என்றால் நடுவில் ஏதோ ஒன்று சரியில்லை. சில சமயம் ஆசிரியரின் இரக்கம். சில சமயம் நிர்வாகத்தின் அழுத்தம். எதுவானாலும் அந்த மாணவருக்குத் தன் நிலை பருவத்தின் நடுவில் தெரியாமல் போகிறது. தேர்வு முடிவு வரும்வரை 'நன்றாகத்தான் போகிறது' என்று நம்பிக்கொண்டிருந்த முதல் தலைமுறைப் பட்டதாரிகளை நான் பார்த்திருக்கிறேன். நாம் கருணை என்று நினைத்துச் செய்தது அவர்களுக்குத் தீங்காக முடிந்தது.

கற்றல் விளைவுகளையும் பட்டப்படிப்பு விளைவுகளையும், தொடர்பின் வலுவுக்கேற்ப 3, 2, 1 போட்டு இணைக்கும் அட்டவணை பற்றி ஒரு சொல் மட்டும். எல்லாக் கட்டத்திலும் 3 போட்ட அட்டவணையை யாரும் நம்புவதில்லை. காலிக் கட்டங்களை விடுங்கள். ஒரு பாடம் எல்லாவற்றையும் கற்றுத்தர வேண்டிய அவசியமில்லை.

கருத்துக் கேட்பது எப்போது, எப்படி

மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர் ஒருமுறை கருத்துப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "மூணு வருஷமா எழுதிக் குடுக்கிறோம் சார். இதெல்லாம் எங்க போகுது?" உண்மையில் அது எங்கும் போகவில்லை. கணினியில் ஏற்றி, வட்ட வரைபடம் போட்டு, கோப்பில் வைத்திருந்தோம். அவருக்கு நான் சொன்ன பதிலை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. அந்த வருடமே முறையை மாற்றினோம்.

மாற்றியதில் முக்கியமானது நேரம். பருவத்தின் கடைசி நாளில் வாங்கும் கருத்து, எழுதிய மாணவருக்கு உதவாது. அடுத்த அணிக்குத்தான் உதவும், அதுவும் யாராவது படித்தால். ஆறாவது வாரத்தில் வாங்குங்கள். கேள்வி மூன்று போதும். இதுவரை எது புரியவில்லை? வகுப்பில் எது உங்களுக்கு உதவுகிறது? இனி வரும் வாரங்களில் எதை மாற்றலாம்? தாளில் பெயர் வேண்டாம். பாட ஆசிரியர் வகுப்பில் இருக்க வேண்டாம். தமிழ்வழியில் பள்ளிப் படிப்பை முடித்து ஆங்கிலவழிக்கு வந்தவர்கள் வகுப்பில் நிறைய இருப்பார்கள். தமிழில் எழுதலாம் என்பதைப் பலகையில் எழுதியே போடுங்கள். ஆங்கிலத்தில் 'குட்' என்று ஒரு சொல்லோடு முடித்த கைகள் தமிழில் அரைப் பக்கம் எழுதுவதை நீங்களே காண்பீர்கள்.

அடுத்த வாரம் ஆசிரியர் வகுப்பில் ஐந்து நிமிடம் ஒதுக்கிச் சொல்ல வேண்டும்: நீங்கள் சொன்னதில் இதை மாற்றுகிறேன், இதை மாற்ற முடியாது, காரணம் இது. இந்த ஐந்து நிமிடம் நடந்துவிட்டால் அடுத்த முறை மாணவர்கள் பொறுப்போடு எழுதுவார்கள். நடக்காவிட்டால் படிவம் எத்தனை அழகாக இருந்தும் பயனில்லை. நாக் அளவுகோலும் இதைத்தான் கேட்கிறது. கருத்தைத் திரட்டியது, பகுத்தது, நடவடிக்கை எடுத்தது, இணையதளத்தில் வெளியிட்டது என்று படிப்படியாகத்தான் மதிப்பெண் ஏறும். திரட்டியதோடு நின்றவர்களுக்குக் கீழ்ப்படி மட்டுமே.

ஒன்றை உறுதியாகச் சொல்கிறேன். மாணவர் கருத்தை ஆசிரியருக்கு எதிரான ஆயுதமாக ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். குறிப்பாகக் கௌரவ விரிவுரையாளர்களிடம். பல அரசுக் கல்லூரிகளில் வகுப்புகளின் பெரும் பாரத்தை அவர்கள்தான் சுமக்கிறார்கள். ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்படும் பணியில் இருப்பவரிடம் ஒரு கெட்ட கருத்தை மட்டும் காட்டினால், அடுத்த பருவம் அவர் கற்பிப்பதை விட்டு மாணவரைத் திருப்திப்படுத்தத் தொடங்குவார். எளிய வினாத்தாள் வரும், அக மதிப்பெண் கூடும். தரம் பேண வைத்த ஏற்பாடே தரத்தைக் கெடுக்கும் இடம் இது.

வகுப்பைப் பார்வையிடுவதும் அப்படித்தான். துறைத் தலைவர் கையில் படிவத்தோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தால் வகுப்பு நாடகமாகிவிடும். இரண்டிரண்டு பேராக ஆசிரியர்களைச் சேர்த்து, பருவத்துக்கு ஒருமுறை ஒருவர் வகுப்பில் மற்றவர் உட்காரட்டும். மூத்தவர் வகுப்பில் இளையவரும் உட்கார வேண்டும். நாங்கள் தொடங்கியபோது ஒரு மூத்த பேராசிரியை, "என் வகுப்புக்கு வாங்கம்மா, நான் எங்கே வேகமா போறேன்னு எனக்கே தெரியல, நீங்க பார்த்துச் சொல்லுங்க" என்று புதிதாகச் சேர்ந்தவரை அழைத்தார். அந்த ஒரு அழைப்புக்குப் பிறகு மற்றவர்களுக்குத் தயக்கம் போய்விட்டது. என்ன பார்த்தார்கள் என்பதை ஐக்யூஏசியிடம் தர வேண்டாம் என்று முடிவு செய்தோம். உட்கார்ந்த நாள், பேசிய நாள் இரண்டு மட்டும் பதிவேட்டில் இருக்கும்.

ஆராய்ச்சியைப் படித்துப் பாருங்கள்

எண்ணிக்கை எளிது என்பதால் ஆராய்ச்சியை எண்ணிவிடுகிறோம். எத்தனை கட்டுரை, எத்தனை ஸ்கோபஸ், எத்தனை மேற்கோள். 2016-ல் முதல் பட்டியலை வெளியிட்ட என்ஐஆர்எஃப் தரவரிசையும் பல்கலைக்கழகங்களுக்கு ஆராய்ச்சியின் பங்காக 30 சதவீதத்தை வைத்திருப்பதால் அழுத்தம் மேலிருந்து இறங்குகிறது. இப்படிப்பட்ட எண்ணிக்கை அழுத்தத்தில் பெருகியவைதான் காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலி இதழ்கள். பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி) தானே வைத்திருந்த இதழ்ப் பட்டியலிலிருந்து 2018 மே மாதம் 4,305 இதழ்களை நீக்க வேண்டி வந்தது. அதன் பிறகு கேர் பட்டியல் வந்தது. 2025 பிப்ரவரியில் அதையும் கைவிடுவதாக அறிவித்து, இதழைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைக் கல்வி நிறுவனங்களிடமும் ஆய்வாளர்களிடமுமே விட்டுவிட்டார்கள்.

ஆகவே உங்கள் கல்லூரிக்குச் சொந்தமாக ஓர் இதழ்க் குழு வேண்டும். மூன்று பேர் போதும், நூலகர் அதில் கட்டாயம் இருக்க வேண்டும். ஆய்வாளர் ஒருவர் ஓர் இதழின் பெயரைச் சொன்னால் குழு பார்க்க வேண்டியவை அதிகமில்லை. ஐஎஸ்எஸ்என் எண் அந்த இதழுக்கே உரியதுதானா? ஆசிரியர் குழுவில் பெயர் போட்டிருப்பவர்களுக்கு அது தெரியுமா? ஒருவருக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டுவிடலாம். தமிழ், கணிதம், மேலாண்மை, மருத்துவம் நான்கையும் ஒரே இதழில் அச்சிடுகிறார்களா? கட்டுரை அனுப்பி மூன்றாம் நாள் ஏற்புக் கடிதம் வந்துவிட்டதா? மதிப்புரையாளரின் குறிப்பு என்று எதையாவது அனுப்பினார்களா? எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த இதழின் பழைய கட்டுரை ஒன்றை ஆய்வாளர் படித்திருக்கிறாரா? படிக்காத இதழுக்கு எழுதுவது முகவரி தெரியாமல் கடிதம் போடுவதைப் போன்றது.

முனைவர் பட்ட ஆய்வுகளை மேற்பார்வையிட 2022 நவம்பரில் வந்த யூஜிசி ஒழுங்குமுறைகள் நல்ல சட்டகம். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் இதழ்க் கட்டுரை கட்டாயம் என்ற நிபந்தனையை அவை எடுத்துவிட்டன. போலி இதழ்களின் வயிற்றில் அடித்த மாற்றம் அது என்பது என் கருத்து. ஆனால் பல பல்கலைக்கழகங்கள் தங்கள் அளவில் அந்த நிபந்தனையை வைத்திருக்க முடியும் என்பதால் உங்கள் பல்கலைக்கழக விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே சமயத்தில் பேராசிரியர் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் மேல் நெறியாளராக இருக்கக் கூடாது. ஆய்வு ஆலோசனைக் குழு, நாம் இன்னும் டிசி மீட்டிங் என்று சொல்வது, பருவத்துக்கு ஒருமுறை கூட வேண்டும்.

இந்தக் கூட்டம் பல இடங்களில் அரைமணி நேரத்தில் தேநீரோடு முடிகிறது. குறிப்பேட்டில் 'முன்னேற்றம் திருப்திகரம்' என்ற ஒரே வரி. இதை மாற்ற இரண்டு செயல்கள் போதுமென்று கண்டேன். கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே ஆய்வாளர் பத்துப் பக்கமாவது புதிதாக எழுதி உறுப்பினர்களுக்கு அனுப்ப வேண்டும். பவர்பாயிண்ட் கணக்கில் சேராது. இரண்டாவதாக, கூட்டத்தின் கடைசிப் பத்து நிமிடம் நெறியாளர் வெளியே இருக்க, ஆய்வாளர் மட்டும் குழுவோடு பேச வேண்டும். நெறியாளரின் வீட்டு வேலையிலிருந்து கருவி பழுதாகி எட்டு மாதமாகக் காத்திருப்பது வரை, அந்தப் பத்து நிமிடத்தில் வெளிவராத செய்தி இல்லை. கேட்டதைக் கேட்ட இடத்திலேயே வைக்காமல், பெயரைக் காத்து, முதல்வர் அல்லது துறைத் தலைவர் வழியாகத் தீர்க்க வேண்டிய கடமை குழுத் தலைவருக்கு உண்டு.

கருத்துத் திருட்டைத் தடுக்கும் 2018-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி ஒப்புமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குச் சமர்ப்பிக்கத் தடை. 60-க்கு மேல் போனால் பதிவே ரத்து. இந்த எண்கள் மென்பொருள் தரும் எண்கள் என்பதை மறக்க வேண்டாம். சொற்களை மாற்றிப் போட்டு, கருத்தை அப்படியே எடுத்தவரை அது பிடிக்காது. தமிழ் ஆய்வேடுகளில் இன்னும் சிரமம். பழைய அச்சு நூல்களும் ஆய்வேடுகளும் பெருமளவு தேடக்கூடிய எழுத்து வடிவில் இல்லை. வருடிய படமாக இருக்கும் பக்கத்தில் மென்பொருளுக்கு எழுத்தே தெரியாது. எனவே தமிழ்த் துறையில் 6 சதவீதம் என்ற சான்றிதழை வைத்து நிம்மதி அடைய முடியாது. அந்தப் பொருளில் ஏற்கெனவே வந்த ஆய்வேடுகளை நெறியாளர் படித்திருக்க வேண்டும். காந்திநகரிலிருந்து இன்ஃப்ளிப்நெட் நடத்தும் சோத்கங்கா களஞ்சியத்தில் தலைப்பு தேர்வு செய்யும் நாளிலேயே ஆய்வாளரைத் தேடவைத்துவிட்டால் பாதித் துன்பம் குறையும்.

வெளியிலிருந்து வரும் கண்

இனி அந்தப் பீரோவைத் திறக்கலாம்.

1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் 1992-ன் செயல்திட்டமும் கேட்டபடி 1994-ல் பெங்களூரில் நாக் அமைந்தது. தொழில்நுட்பப் படிப்புகளுக்குத் தரச்சான்று தரும் என்பிஏ தனி அமைப்பு. 2017 ஜூலையில் திருத்திய முறையில் மொத்தம் 1000 மதிப்பெண். அதில் பல்கலைக்கழகத்துக்கு ஆராய்ச்சியும் புத்தாக்கமும் சேர்ந்த மூன்றாம் அளவுகோலுக்கு 250, கற்பித்தல், கற்றல், மதிப்பீடு என்ற இரண்டாம் அளவுகோலுக்கு 200. தன்னாட்சிக் கல்லூரிக்கு இரண்டாம் அளவுகோல் 300, இணைவுக் கல்லூரிக்கு 350. பீரோவில் எந்த அடுக்கு பருமனாக இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் விழாப் புகைப்படங்கள் நிறைந்த அடுக்குதான். முந்நூற்றைம்பது மதிப்பெண் உள்ள அடுக்கு மெலிந்திருக்கும். வினாத்தாளில் தொடங்கச் சொன்னதற்கு இது இன்னொரு காரணம்.

எண்ணளவுத் தரவுகளை நீங்கள் இணையத்தில் ஏற்றியபின் டிவிவி என்ற சரிபார்ப்பு நடக்கும். ஒவ்வொரு எண்ணுக்கும் ஆவணம் கேட்பார்கள். ஐந்தாண்டுத் தரவை ஐந்தாம் ஆண்டில் தேடினால் கிடைக்காது. பணியை விட்டுப் போன ஆசிரியரின் நியமன ஆணை, மாறிப்போன நூலக மென்பொருளின் பதிவுகள், பழைய மாணவர் வேலையில் சேர்ந்த கடிதம் என்று ஒவ்வொன்றுக்கும் அலைய வேண்டியிருக்கும். ஆண்டுதோறும் அனுப்பும் ஏக்யூஏஆர் அறிக்கையை அந்தந்த ஆண்டே ஆவணத்தோடு முடித்துவிட்டால் இந்த அலைச்சல் இல்லை.

நாக் நடத்தும் மாணவர் திருப்திக் கணக்கெடுப்பு உங்களைத் தாண்டி நேரடியாக மாணவர் மின்னஞ்சலுக்குப் போகிறது. 'எல்லாவற்றுக்கும் முழு மதிப்பெண் போடு' என்று மாணவரிடம் சொல்லும் ஆசையை அடக்குங்கள். பாடம் நடத்தும் இடத்தில் பொய் சொல்லக் கற்றுக்கொடுக்கிறோம் என்பதைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை.

அறிக்கையில் பலம், பலவீனம், வாய்ப்பு, சவால் என்று எழுதச் சொல்வார்கள். சிறந்த நடைமுறைகள் இரண்டை எழுதும் இடத்தில் 'எதிர்கொண்ட சிக்கல்கள்' என்றே ஒரு தலைப்பு உண்டு. அதில் 'சிக்கல் ஏதுமில்லை' என்று எழுதிய அறிக்கையைப் படிக்கும் அனுபவசாலிக்கு அந்த நடைமுறை நடக்கவே இல்லை என்று உடனே புரியும். நடந்த காரியத்தில் சிக்கல் இல்லாமல் இருக்காது. உள்ளதை எழுதுங்கள்.

இந்த முறைமீது மக்களுக்கு இருந்த நம்பிக்கை அடிவாங்கியதையும் சொல்லியாக வேண்டும். 2025 பிப்ரவரியில், பார்வையிடச் சென்ற குழுவைச் சேர்ந்தவர்களையே லஞ்ச வழக்கில் சிபிஐ கைது செய்தது. அதற்கு முன்பே, இஸ்ரோவின் முன்னாள் தலைவர் கே. ராதாகிருஷ்ணன் தலைமையிலான குழு பெரிய மாற்றங்களைப் பரிந்துரைத்திருந்தது. ஏ பிளஸ் பிளஸ் போன்ற எழுத்துகளுக்குப் பதிலாகத் தரச்சான்று உண்டு, இல்லை என்ற இருநிலை முறை. அதன்மேல் விரும்புவோருக்கு 1 முதல் 5 வரை முதிர்ச்சி நிலைகள். படிவங்களின் பெயர் மாறும், எண்கள் மாறும். இந்த அத்தியாயத்தில் சொன்ன எடைகளும் உங்கள் கைக்கு இந்த நூல் வரும்போது மாறியிருக்கலாம், நாக் கையேட்டின் நடப்புப் பதிப்போடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஆறு வினாத்தாள்களோடு உட்காரும் பிற்பகலுக்கு எந்தப் பதிப்பிலும் தேவை இருக்கும்.

பொறுப்பை ஒப்படைக்கும்போது

ஒருங்கிணைப்பாளர்கள் அடிக்கடி மாறுகிறார்கள். ஒவ்வொரு முறையும் வேலை முதலிலிருந்து தொடங்குவது இதனால்தான். பொறுப்பேற்ற மாதத்திலேயே ஒப்படைப்புக் குறிப்பேடு ஒன்றைத் திறந்துவிடுங்கள். ஐக்யூஏசி கூட்டத்தில் எடுத்த ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு வரி: என்ன முடிவு, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள், நடந்ததா. நடக்காதவற்றைச் சிவப்பு மையில் எழுதுங்கள், அழிக்காதீர்கள். அடுத்த கூட்டத்தின் முதல் பொருளாக அந்தச் சிவப்பு வரிகளைப் படித்துக் காட்டுங்கள்.

நாக் தளத்தின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் மூடிய உறையில் முதல்வரிடம் இருக்கட்டும். தளத்துக்குத் தந்த மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும் உங்கள் சொந்த எண்ணாக இருக்கக் கூடாது. கல்லூரிக்கென்று ஓர் எண் வாங்குங்கள். ஒருவர் ஓய்வுபெற்ற பின் ஓடிபி அவர் ஊருக்குப் போய்க்கொண்டிருந்ததால் எங்கள் அறிக்கை ஒன்று மூன்று வாரம் தாமதமானது.

போகும் நாளில் புதியவரோடு அரைநாள் உட்காருங்கள். பீரோ சாவியைக் கொடுக்கும் முன், அந்தத் துறையின் ஆறு வினாத்தாள்களையும் நீங்கள் அன்று ஓரத்தில் எழுதிய குறிப்புகளையும் அவர் முன் விரித்து வையுங்கள். பக்கத்திலேயே இந்த ஆண்டுத் தாள்களையும் வையுங்கள். அவரையே ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.